சாக்பீஸ் ஒடிகிறது, பலகை ஏன் ஒடிவதில்லை?

போன ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன் பையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகைத் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தான். இருபுறமும் தாள் ஒட்டியிருந்தது. நடுவில் வெள்ளையாக, மாவு போல ஏதோ. அவனுடைய அப்பா போத்தனூர், சுந்தராபுரம் பக்கம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர். வேலையில் மிஞ்சிய துண்டு அது.

அதற்கு முந்தைய வாரம்தான் நான் வகுப்பில், "நாம் எழுதும் சாக்பீஸும் ஜிப்சம்தான், சீலிங் பலகையும் ஜிப்சம்தான்" என்று சொல்லியிருந்தேன். அவன் கேட்டான்: "டீச்சர், ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னீங்க. சாக்பீஸு கீழ உழுந்தாப் பொட்டுனு ஒடியுது. எங்கப்பா இந்த போர்டைத் தலைமேல வெச்சு மாடிக்குத் தூக்கிட்டுப் போறாரு, ஒடியறதில்ல. அது ஏனுங்க?"

"நாளைக்குச் சொல்றேன்" என்று சமாளித்தேன். உண்மையில் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் என் மாணவர்கள் எனக்கு ஒரு பாடத்தையும் நடத்திவிட்டார்கள். ஆசிரிய நண்பர்களுக்கு இரண்டும் பயன்படும் என்பதால் இந்தக் கட்டுரை.

போன நீர் திரும்பி வருகிறது

ஆறாம் வகுப்பு 'அன்றாட வாழ்வில் வேதியியல்' பாடத்தில் ஜிப்சத்தையும் பாரிஸ் சாந்தையும் நாம் நடத்துகிறோம். பத்தாம் வகுப்பில் படிக நீர் வருகிறது. இரண்டையும் இணைத்துப் பார்த்தால் பாதி விடை அங்கேயே கிடைக்கிறது.

ஜிப்சம் என்பது ஒரு மூலக்கூறு கால்சியம் சல்பேட்டுடன் இரண்டு மூலக்கூறு நீர் சேர்ந்த உப்பு. அதை ஏறக்குறைய 120 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் நீரில் நான்கில் மூன்று பங்கு போய்விடுகிறது. மீதி இருப்பது அரை மூலக்கூறு நீர் கொண்ட பொடி. அதுதான் பாரிஸ் சாந்து. இந்தப் பொடியில் தண்ணீர் ஊற்றினால், போன நீரைத் திரும்ப எடுத்துக்கொண்டு அது மறுபடியும் ஜிப்சமாகிறது. இறுகும்போது வெப்பத்தையும் வெளிவிடுகிறது.

இறுகும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். பொடி தண்ணீரில் சிறிது கரைகிறது. கரைசலிலிருந்து ஜிப்சம் மெல்லிய ஊசிகளாகப் படிகமாகிறது. ஊசிகள் எல்லாத் திசையிலும் வளர்ந்து ஒன்றையொன்று குத்திச் சிக்கிக்கொள்கின்றன. வெட்டிப் போட்ட சீமைக்கருவேல முள் குவியலைப் பார்த்திருக்கிறோம். ஒரு கிளையை இழுத்தால் குவியலே சேர்ந்து வரும். ஜிப்சத்தின் வலிமையும் அப்படிப்பட்ட சிக்கல்தான். ஊசிகள் எவ்வளவு நெருக்கமாகச் சிக்கியிருக்கின்றனவோ அவ்வளவு வலிமை.

தண்ணீர்க் கணக்கு

நாம் எல்லோரும் செய்யும் முதல் தவறு தண்ணீரில்தான் இருக்கிறது. வகுப்பில் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுப் பாருங்கள். பாரிஸ் சாந்தின் வாய்பாட்டு நிறை 145. அது ஜிப்சமாக மாற எடுத்துக்கொள்ளும் நீரின் நிறை 27. அப்படியானால் 100 கிராம் பொடிக்கு வேதிவினைக்குத் தேவையான நீர் 18.6 கிராம் மட்டுமே. ஆனால் அவ்வளவு நீரில் பொடியைக் குழைக்கவே முடியாது. அச்சில் ஊற்றும் பதத்துக்கு வர 60 முதல் 80 கிராம் வரை நீர் வேண்டும்.

மிச்சமுள்ள 40 முதல் 60 கிராம் நீர் என்ன ஆகிறது? பலகை காயும்போது ஆவியாகிப் போகிறது. அது இருந்த இடமெல்லாம் நுண்துளைகளாக நிற்கிறது. துளை கூடினால் ஊசிகள் தொட்டுக்கொள்ளும் இடம் குறைகிறது, வலிமையும் குறைகிறது. ஆகவே ஜிப்சத்தை வலுவாக்கும் முதல் வழி எதையும் சேர்ப்பதல்ல, தண்ணீரைக் குறைப்பது.

ஆலைகளில் இதற்காகவே நீர்க்குறைப்பிகளைச் சேர்க்கிறார்கள். கான்கிரீட்டில் கலக்கும் அதே வகை வேதிப்பொருள்கள்தாம்: நாப்தலீன் சல்போனேட் வகையும் பாலிகார்பாக்சிலேட் வகையும். இவை பொடித் துகள்களின் மேல் ஒட்டி, துகள்கள் ஒன்றோடொன்று திரளாமல் விலக்கி வைக்கின்றன. அதனால் குறைந்த நீரிலேயே கலவை இளகி ஓடுகிறது.

வளைத்தால் எங்கே ஒடிகிறது?

ஒரு சாக்பீஸை நிறுத்தி வைத்து மேலிருந்து அழுத்துங்கள், நன்றாகத் தாங்கும். அதையே இரு முனையிலும் பிடித்து வளையுங்கள். ஒரு நொடியில் ஒடியும். அழுத்தத்தைத் தாங்கும் பொருள் இழுவிசையைத் தாங்குவதில்லை. பலகையின் நடுவே எடை வைத்தால் மேல்பரப்பு அமுங்குகிறது, அடிப்பரப்பு இழுபடுகிறது. விரிசல் எப்போதும் அடியிலிருந்துதான் கிளம்புகிறது.

சீலிங் பலகையில் இருபுறமும் ஒட்டியிருக்கும் தாளின் வேலை இங்கேதான். இழுபடும் பரப்பில் இழுவிசையைத் தாங்கும் பொருளை வைத்துவிட்டார்கள். கான்கிரீட் உத்தரத்தின் அடியில் கம்பி வைப்பதும் இதே தத்துவம். அமெரிக்காவைச் சேர்ந்த அகஸ்டின் சாக்கெட் என்பவர் 1894இல் தாளும் பாரிஸ் சாந்தும் அடுக்கடுக்காக வைத்த பலகைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய பலகையின் மூதாதை அதுதான்.

அந்த மாணவனின் கேள்விக்கு நேரடி விடையும் இதுதான்: சாக்பீஸுக்குத் தாள் இல்லை, பலகைக்கு இருக்கிறது. ஒரு துண்டுப் பலகையின் இருபுறத் தாளையும் ஈரத்துணியால் நனைத்து உரித்துவிட்டு, காயவைத்து ஒடித்துப் பார்க்கச் சொன்னேன். சாக்பீஸைப் போலவே ஒடிந்தது.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவன், "எங்கப்பாவுக்கு இது தெரியுமுங்க" என்றான். மறுவாரம் பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அவர் சொன்னது: "கம்பிச் சட்டத்துக்குக் குறுக்கால போர்டு போடோணும்ங்க டீச்சர். நீளவாக்குல போட்டா நடுவுல தொங்கீருமுங்க." காரணம் கேட்டேன். "அதென்னமோ தெரியலீங்க, மேஸ்திரி அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு."

காரணம் தாளில் இருக்கிறது. தாள் தயாராகும்போது இழைகள் பெரும்பாலும் இயந்திரம் ஓடும் திசையிலேயே படுக்கின்றன. அதுவே பலகையின் நீளத் திசை. ஆகவே நீளவாக்கில் வெட்டிய துண்டு, அகலவாக்கில் வெட்டிய அதே அளவுத் துண்டைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக எடை தாங்கும். செய்தித்தாளை ஒரு திசையில் கிழித்தால் நேராகவும் மறு திசையில் கோணலாகவும் கிழிவதும் இதனால்தான். அவர் கையால் அறிந்ததற்கு வகுப்பு காரணம் கண்டுபிடித்தது. அடுத்த நாள் அவன் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தான்.

சேர்மானங்கள் என்ன செய்கின்றன?

சாந்தில் எதையாவது சேர்ப்பது நமக்குப் புதிதல்ல. மண் சுவருக்குக் குழைக்கும் மண்ணில் வைக்கோல் சேர்த்தார்கள். சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய் ஊறிய நீரும் பனைவெல்லமும் கலந்தார்கள். ஜிப்சம் பலகையிலும் அப்படித்தான். ஒவ்வொரு சேர்மானத்துக்கும் தனி வேலை உண்டு. 'வலுவாக்கும் பொருள்' என்று பொதுவாகச் சொல்லி எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போடுவதுதான் குழப்பத்தைத் தருகிறது.

கண்ணாடி இழை: விரிசல் விழுந்த பிறகு வேலை செய்வது இது. விரிசலின் இரு கரைகளையும் தையல்போல இழுத்துப் பிடிக்கிறது. தீத்தடுப்புப் பலகைகளில் இது அவசியம். தீ பட்டால் ஜிப்சம் தன் படிக நீரை ஆவியாக விட்டு வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஜிப்சத்தின் எடையில் 20.9 சதவீதம் படிக நீர் என்பதை மாணவர்களே கணக்கிடலாம். நீர் போன பின் சுருங்கி விரியும் பலகையைக் கண்ணாடி இழை விழாமல் தாங்குகிறது.

ஸ்டார்ச்: கொங்குப் பகுதி மாணவர்களுக்கு இதை விளக்குவது எளிது. நெசவுக்கு முன் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவது அவர்கள் வீட்டில் கேட்ட செய்தி. சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஸ்டார்ச் எடுப்பதையும் அறிவார்கள். பலகைக் கலவையில் சேர்த்த ஸ்டார்ச், பலகை காயும்போது நீரோடு சேர்ந்து மேற்பரப்புக்கு வருகிறது. அங்கே தாளுக்கும் ஜிப்சத்துக்கும் இடையிலுள்ள பிடிப்பைக் காக்கிறது. தாள் கழன்றுவிட்டால் மேலே சொன்ன இழுவிசைக் கதை எல்லாம் வீண். எனவே ஸ்டார்ச்சின் முக்கிய வேலை நடுப்பகுதியை வலுவாக்குவது அல்ல, தாளைப் பிரியாமல் காப்பது.

போரிக் அமிலம்: கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடரேதான். மிகச் சிறிய அளவில் சேர்த்தால் ஈரக்காற்றில் பலகை நடுவில் தொய்வது குறைகிறது. சோடியம் ட்ரைமெட்டாபாஸ்பேட் என்ற உப்பும் இதே வேலையைச் செய்கிறது.

சிலிக்கோன் எண்ணெயும் மெழுகுக் குழம்பும்: இவை நீர் உறிஞ்சுவதைக் குறைக்கின்றன. நனைந்த ஜிப்சம் காய்ந்த ஜிப்சத்தின் வலிமையில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும்; படிக ஊசிகள் தொட்டுக்கொள்ளும் இடங்களில் நீர் புகுந்து பிடிப்பைத் தளர்த்துகிறது. குளியலறைப் பக்கம் பச்சை நிறத் தாள் ஒட்டிய பலகை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது இந்தச் சேர்மானம் கொண்டது. ஆனாலும் அது ஈரத்தைத் தாங்குமே தவிர, ஒழுகும் மொட்டைமாடிக்கு மருந்தல்ல.

நேரத்தை மாற்றுபவை: பொடியாக அரைத்த ஜிப்சத்தையே சிறிது சேர்த்தால் அது விதைப் படிகமாகி இறுகுவதை விரைவாக்கும். பொட்டாசியம் சல்பேட்டும் அப்படித்தான். எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம் இறுகுவதைத் தாமதமாக்கும். இவற்றின் வேலை நேரத்தை மாற்றுவது; அளவு மீறினால் வலிமை குறையும்.

இவற்றோடு, நுரையும் ஒரு சேர்மானம்தான். ஆலையில் சோப்பு நுரை போன்ற ஒன்றைக் கலந்து வேண்டுமென்றே குமிழிகளை உண்டாக்குகிறார்கள். வலிமை சற்றுக் குறைந்தாலும் எடை நன்றாகக் குறைகிறது. 12.5 மி.மீ. தடிமனுள்ள பலகை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 8 முதல் 9 கிலோதான். கூரையில் தொங்கும் பொருளுக்கு எடை குறைவதும் ஒரு பாதுகாப்பு. தாள் இருப்பதால்தான் நடுப்பகுதியை இப்படி இலேசாக்க முடிகிறது.

எங்கள் வாளிச் சோதனை

இதையெல்லாம் படித்துவிட்டு, அறிவியல் கண்காட்சிக்கு இதையே செய்யலாம் என்று முடிவு செய்தோம். அச்சுக்கு, சுவரில் மின்வயர் ஓட்டும் பிவிசி கேசிங் பட்டையை வெட்டி முனைகளை மெழுகால் அடைத்தோம். உள்ளே தேங்காய் எண்ணெய் மெல்லிதாகப் பூசினோம். ஒவ்வொரு பட்டையும் 20 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 1 செ.மீ. தடிமன். ஒரு வகைக்கு ஐந்து பட்டைகள். ஆறு குழுக்கள், ஆறு வகைகள். நான்கு கிலோ பாரிஸ் சாந்து போதுமானதாக இருந்தது.

முதல் குழு 100 கிராம் பொடிக்கு 70 கிராம் நீர் மட்டும் சேர்த்தது. இரண்டாம் குழுவுக்கு 100 கிராம் நீர். மூன்றாம் குழு 70 கிராம் நீருடன், ஒரு செ.மீ. நீளத்தில் வெட்டிய தேங்காய் நார் 1 கிராம் சேர்த்தது. பொள்ளாச்சிப் பக்கம் போய் வந்த ஆசிரியர் ஒருவர் ஒரு பை நாரே கொண்டுவந்து கொடுத்தார். நான்காம் குழுவுக்கு நார் 4 கிராம். ஐந்தாம் குழு 5 கிராம் சமையல் உப்பு சேர்த்தது. ஆறாம் குழு அச்சின் அடியிலும் மேலும் கனமான காக்கித் தாளை வைத்து நடுவில் சாந்தை ஊற்றியது. தாளின் உட்புறம் ஸ்டார்ச் கஞ்சி தடவியிருந்தார்கள்.

முக்கால் மணி நேரத்தில் அச்சிலிருந்து எடுத்து, ஒரு வாரம் நிழலில் காயவைத்தோம். பிறகு இரண்டு மேசைகளுக்கு இடையே 15 செ.மீ. இடைவெளி விட்டு, பட்டையைக் குறுக்கே வைத்து, நடுவில் கயிற்றில் ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தொங்கவிட்டோம். அளவுக் குவளையால் 100 மி.லி. வீதம் தண்ணீர் ஊற்றினோம். ஒடிந்ததும் வாளியையும் தண்ணீரையும் சேர்த்து எடைபோட்டோம்.

முதல் குழுவின் சராசரி 6.4 கிலோ. நீர் கூட்டிய இரண்டாம் குழுவுக்கு 3.3 கிலோ. வேறு எந்த மாற்றமும் இல்லை, கூடுதல் நீர் மட்டுமே, வலிமை பாதியாகிவிட்டது. உப்புக் குழுவின் சாந்து அச்சில் ஊற்றி முடிக்கும் முன்பே இறுகத் தொடங்கியது, பட்டைகள் 4.5 கிலோவில் ஒடிந்தன, மேலே வெள்ளையாக உப்பும் பூத்திருந்தது. தாள் வைத்த ஆறாம் குழுவின் மூன்று பட்டைகள், 10 லிட்டர் வாளி நிறைந்த பிறகும் ஒடியவில்லை. மீதி இரண்டில் தாள் பிரிந்துவிட்டது. அங்கே கஞ்சி சரியாகப் படவில்லை என்று அவர்களே கண்டுபிடித்தார்கள்.

1 கிராம் நார் சேர்த்த மூன்றாம் குழு ஏமாற்றத்தோடு வந்தது. சராசரி 6.3 கிலோ, நாரில்லாத பட்டையைவிடக் கூடவில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டை அவர்கள் கவனித்திருந்தார்கள். மற்றவர்களின் பட்டை இரண்டு துண்டாகி வாளி 'தடால்' என்று விழுந்தது. இவர்களுடையது விரிசல் விட்டு, மெல்லத் தொய்ந்து, நாரில் தொங்கிக்கொண்டு நின்றது. வலிமை வேறு, முறிவுக்குப் பின்னும் பிடித்திருக்கும் தன்மை வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது. தலைக்குமேல் இருக்கும் பலகை திடீரென விழுவதும், எச்சரித்துவிட்டுத் தொய்வதும் ஒன்றல்லவே.

அடித்துத் திருத்திய எண்கள்

நான்காம் குழுவின் குறிப்பேட்டில் சராசரி 8.6 கிலோ என்று இருந்தது. நான் மகிழ்ச்சியோடு கரும்பலகையில் எழுதினேன். சோதனை தொடங்கும் முன்பே, "நார் கூடக் கூட வலிமை கூடும், பார்த்துக்கொண்டே இருங்கள்" என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

அன்று மாலை குறிப்பேடுகளைத் திருத்தும்போது அந்தக் குழுவில் ஒரு மாணவியின் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம் கண்ணில் பட்டது. ஐந்து எண்கள் பென்சிலில் எழுதி அடித்திருந்தன. 4.4, 3.9, 4.6, 4.0, 4.1. அதாவது சராசரி 4.2 கிலோ. நாரில்லாத பட்டையைவிடக் குறைவு.

மறுநாள் அவளைத் தனியே கூப்பிட்டு மெதுவாகக் கேட்டேன். கண் கலங்கிவிட்டது. "நீங்க கூடும்னு சொன்னீங்களேங்க டீச்சர். எங்களுக்குக் கம்மியா வந்துச்சு. நாங்கதான் தப்பாச் செஞ்சுட்டோம்னு நெனச்சு மாத்தி எழுதிட்டோம்."

எனக்கு அவள்மீது கோபம் வரவில்லை. ஏனென்றால் தவறு எங்கே தொடங்கியது என்பது எனக்குத் தெரிந்தது. விடையை முன்கூட்டியே சொல்லிவிட்டு, சோதனை செய்யச் சொன்னவள் நான். பாடநூலோடும் ஆசிரியரோடும் பொருந்தாத அளவீடு என்றால் அது தன் பிழை என்று நினைக்கும்படி அந்தப் பிள்ளைகளைப் பழக்கியதும் நாம்தான். 'மெய்ம்மதிப்பு'க்கு நெருங்கிய எண்ணை எழுதினால்தான் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் என்று எத்தனை ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம்!

வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்: "நான் சொன்னது தவறு. பட்டை சொன்னதுதான் சரி. மறுபடியும் செய்து பார்ப்போம்." அதே குழு, அதே 4 கிராம் நார். இந்த முறை ஒவ்வொரு படியையும் எழுதச் சொன்னேன். அப்போதுதான் காரணம் வெளிப்பட்டது. அவ்வளவு நாரைப் போட்டதும் கலவை கெட்டியாகி அச்சில் இறங்கவில்லை. அதனால் அவர்கள் நீரை 95 கிராம் வரை கூட்டியிருந்தார்கள். தேங்காய் நாரும் நீரை உறிஞ்சியது. ஒடிந்த இடத்தில் நார்கள் கொத்துக் கொத்தாகத் திரண்டு, இடையிடையே காற்றுப் பொந்துகள் இருந்தன. சராசரி 4.1 கிலோ. முன்பு அடித்த எண்கள் உண்மையானவை.

சேர்மானத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டினால் அது கெடுதல். பலகை ஆராய்ச்சியில் இருப்பவர்களும் இதையேதான் எதிர்கொள்கிறார்கள். இழையைக் கூட்டினால் கலவை இளகுவதில்லை. இளக நீரைச் சேர்த்தால் வலிமை போகிறது. அதனால்தான் இழையும் நீர்க்குறைப்பியும் கைகோத்துப் போகின்றன. இந்த உண்மையை என் வகுப்பில் முதலில் கண்டவள் அந்த மாணவி. நான் முன்கூட்டிச் சொன்ன ஒரு வாக்கியம் அதை அவளே அழித்துவிடும்படி செய்தது.

சுவராகவே நிற்கும் ஜிப்சம்

கண்காட்சிக்கு வந்த பலரும் கேட்டது, "இதை வைத்து வீடு கட்ட முடியுமா?" என்பதுதான். கட்டியிருக்கிறார்கள். கண்ணாடி இழை சேர்த்த ஜிப்சம் பலகை ஆஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்ட தொழில்நுட்பம். அதை நம் நாட்டு நிலநடுக்க விதிகளுக்கு ஏற்ப வீடு கட்டப் பயன்படுத்தும் முறையைச் சென்னை ஐஐடியின் கட்டடவியல் துறை ஆராய்ந்து வகுத்தது. பேராசிரியர்கள் தேவதாஸ் மேனனும் மெஹர் பிரசாத்தும் இதில் முன்னின்றார்கள். 2013இல் அந்த வளாகத்திலேயே நான்கு வீடுகள் கொண்ட இரண்டு தள மாதிரிக் கட்டடத்தை ஒரு மாத அளவில் எழுப்பிக் காட்டினார்கள்.

அந்தப் பலகை 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 124 மி.மீ. தடிமன் கொண்டது. உள்ளே வரிசையாகப் பொந்துகள் இருக்கும். தேவையான பொந்துகளில் கம்பி வைத்துக் கான்கிரீட் நிரப்புகிறார்கள். தாளின் வேலையைக் கண்ணாடி இழை செய்கிறது. நீர்விலக்கும் சேர்மானமும் உண்டு. மேலே நாம் பார்த்த தத்துவங்கள் எல்லாம் ஒரே சுவரில் இருக்கின்றன.

இதற்கான ஜிப்சம் சுரங்கத்திலிருந்து வருவதல்ல. பாஸ்பேட் உர ஆலைகளில் பாஸ்பாரிக் அமிலம் தயாரிக்கும்போது ஒரு டன் அமிலத்துக்கு ஏறக்குறைய ஐந்து டன் பாஸ்போ ஜிப்சம் கழிவாகச் சேர்கிறது. மும்பையிலும், கொச்சிக்கு அருகே அம்பலமுகளிலும் உர நிறுவனங்கள் இந்தக் கழிவிலிருந்து பலகை செய்யும் ஆலைகளை அமைத்தன. போத்தனூரில் ரயில் ஏறிப் பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தால் சில மணி நேரத்தில் போய்விடும் தூரம்தான் அந்த ஊர். பாஸ்பேட் பாறையில் சிறிதளவு ரேடியம் இருப்பதால், கட்டடப் பலகையில் பயன்படும் பாஸ்போ ஜிப்சத்துக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வரம்பு விதித்திருக்கிறது. கழிவைப் பயன்படுத்துவது நல்லது, அளந்து பயன்படுத்துவது கட்டாயம் என்பதையும் பத்தாம் வகுப்பில் கதிரியக்கப் பாடத்தோடு இணைத்துச் சொல்லலாம்.

செய்து பார்க்க விரும்புவோருக்கு

முதலில் பாதுகாப்பு. பாரிஸ் சாந்து இறுகும்போது மொத்தமாக இருந்தால் தோலைச் சுடும் அளவுக்குச் சூடாகும். எந்தக் காரணத்துக்காகவும் மாணவர்கள் கையையோ விரலையோ அதில் புதைத்து அச்சு எடுக்கக் கூடாது. பொடியைக் கையாளும்போது முகக்கவசம் தேவை. மீந்த சாந்தைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள்; குழாய்க்குள் இறுகிக்கொள்ளும். வாளிக்கு அடியில் மணல் சாக்கு போடுங்கள். கால்கள் விலகியே இருக்கட்டும். உயரம் தரையிலிருந்து ஒரு சாண் போதும்.

பொடிக்குத் தண்ணீர் ஊற்றாமல், தண்ணீரில் பொடியைத் தூவுங்கள், கட்டி தட்டாது. எல்லாவற்றையும் நிறுத்தே சேருங்கள். சத்துணவுக் கூடத்துத் தராசு போதும். ஒரு வகைக்கு ஒரே பட்டை செய்து முடிவு சொல்லாதீர்கள். ஐந்து செய்து, சராசரியோடு கூடியதையும் குறைந்ததையும் எழுதுங்கள். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எங்கள் நான்காம் குழு நாரையும் நீரையும் சேர்த்து மாற்றியதால்தான் காரணம் கண்டுபிடிக்க இரண்டாவது முறை செய்ய வேண்டியதாயிற்று.

தொடக்க நிலை வகுப்புகளுக்கு இவ்வளவு வேண்டாம். ஒரு சாக்பீஸ், தாள் சுற்றிக் கஞ்சியால் ஒட்டிக் காயவைத்த இன்னொரு சாக்பீஸ். இரண்டையும் ஒடித்துப் பார்க்கட்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் காரணம் சொல்லும்.

நார் தேங்காயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இராமநாதபுரத்தில் பனைநார், திருச்சிப் பக்கம் வாழைநார், எங்கள் ஊர் நூற்பாலைகளில் கழிவுப் பஞ்சு என்று அந்தந்த ஊரில் கிடைப்பதைச் சேர்த்துப் பார்க்கலாம். எது கூட்டும், எது குறைக்கும் என்று முன்பே சொல்லிவிடாதீர்கள். நான் இப்போது செய்வது இதுதான்: சோதனைக்கு முன் ஒவ்வொரு மாணவரும் தன் கணிப்பை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுகிறார். என் சீட்டும் அதில் இருக்கும். முடிவு வந்த பிறகுதான் பெட்டியைத் திறக்கிறோம். என் கணிப்பு தவறும் நாளில் வகுப்பு கைதட்டுகிறது.

கண்காட்சியில் நான்காம் குழுவின் மேசையில் ஒடிந்த பட்டைகளோடு அந்தக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தையும் திறந்து வைத்தோம். அடித்த எண்கள் அடித்தபடியே இருந்தன. பக்கத்தில் இரண்டாம் சோதனையின் எண்கள். பார்க்க வந்தவர்களுக்கு அவளே விளக்கினாள். முதலில் திருத்தியதையும் மறைக்காமல் சொன்னாள். சீலிங் வேலை செய்யும் அந்த அப்பாவும் வந்திருந்தார். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வெட்டிய இரண்டு துண்டுகளில் மகன் வாளி தொங்கவிட்டுக் காட்டியதைக் கடைசிவரை நின்று பார்த்தார். "இத்தன வருசமாப் போடறேன், இப்பத்தானுங்க வெவரம் தெரியுது" என்று சொல்லிவிட்டு, அந்த ஒடிந்த துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.